ஆண்டிச்சாமியின் இடது கால்

"காலுப் பக்கத்துலேருந்து பொறுக்குப்பா. தலை கடைசியா," என்றார் சித்தப்பா அழகுமலை.

உடையப்பன் சுடுகாட்டுச் சாம்பலில் பாலைத் தெளித்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சூடு இன்னும் அடங்கவில்லை. தந்தி கிடைத்து, மெட்ராஸிலிருந்து ரயிலேறி, நேற்று விராலிமலையில் அவன் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் அப்பா ஆண்டிச்சாமிக்குக் கொள்ளி வைத்தாகிவிட்டது. சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம்தான் போட்டு வைப்பார்கள்? அவன் வந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். "மொகத்தைக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கலையேடா," என்று ஆத்தா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ராத்திரி முழுக்க அது அவன் காதிலேயே நின்றது.

பார்க்க ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது.

"எலி வாலையெல்லாம் படம் புடிக்கிறியாமே, அண்ணனை ஒண்ணு புடிச்சு வச்சிருக்கலாம்," என்றார் சித்தப்பா. குத்திக்காட்டவில்லை, ஆற்றாமைதான்.

எலி வால் என்றால் ஊருக்கே சிரிப்பு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் கவர்மெண்டு உத்தியோகத்தை உதறிவிட்டு, மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வாலிலிருந்து தசைநாரை உருவி அதற்கு எக்ஸ்ரே எடுக்கிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன பொங்கலுக்கு அப்பாவுக்கு மட்டும் விளக்கிப் பார்த்தான். நார், தோல், எலும்பு எல்லாவற்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை இருக்கிறது. மூன்று புரி சேர்த்து முறுக்கியது. தண்ணீர் இறைக்கும் கமலைக்கு வடக்கயிறு திரித்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"மூணு புரிக் கயிறா? அதுக்கு மெட்ராசு வரைக்கும் போகணுமா? இங்கிட்டு ஒக்காரு, நானே காட்டுறேன்."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட உடையப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நெருப்பு அந்த இழையைத் தின்றுவிடும். மிஞ்சுவது சுண்ணாம்பு, அழுத்திப் பிடித்தால் உதிரும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். பயந்து பயந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கலயத்தில் போட்டான்.

முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்புத் துண்டு. நடுவில் சின்னப் புடைப்பு. கை நின்றுவிட்டது.

புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டியிலிருந்து விழுந்து இடது காலை ஒடித்துக்கொண்டு அப்பா வந்தார். அவன்தான் எக்ஸ்ரே எடுத்தான். எலும்பு கூடி, ஒட்டிய இடம் புடைத்த பிறகு இன்னொன்றும் எடுத்து, ஈரம் காயாத பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"இதுவாடா நானு? பரவால்ல, தோலுதான் கறுப்பு. உள்ளுக்குள்ள வெள்ளையாத்தேன் இருக்கேன்."

அதே இடம், அதே புடைப்பு. உடையப்பன் துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். கட்டைவிரல் புடைப்பின்மேல் மெல்லப் போய்ப் போய் வந்தது.

"போடுப்பா, வெயில் ஏறுது."

"இந்தா போடுறேங்க சித்தப்பா."

போடவில்லை. சித்தப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தோள்துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு அங்கிட்டுத் திரும்பி நின்றார்.

வீட்டு வாசலில் ஆத்தா செம்போடு காத்திருந்தாள். அவன் கைகளை நீட்டினான்.

"அப்பாவைப் பாத்துட்டேன் ஆத்தா," என்றான்.

அவள் தண்ணீரை ஊற்றினாள். கட்டைவிரல் ரேகையில் ஒட்டியிருந்த வெள்ளை போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.