நாற்பத்தேழாம் தகரம்

சர்க்கார் ஆட்கள் வைகைக் கரைக் குடிசைகளில் எண் எழுதிய தகரங்களை அடித்துவிட்டுப் போனபோது, வீட்டுக்கு நம்பர் வந்துவிட்டதென்று எல்லோரும் அவற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சின்னத்தாய் தன் நாற்பத்தேழாம் தகரத்துக்குச் சூடமும் காட்டினாள். எத்தனை குடிசைகளை இடிப்பது என்று எண்ணுவதற்காக அடித்த தகரம் அது. மூன்றாம் வாரம், யுத்த லாரிகள் நிற்க இடம் வேண்டுமென்று அத்தனையையும் பிரித்துப் போட்டார்கள்.

அடுத்த மாதம் ரேஷன் வந்தது. மிஷன் பள்ளி வாத்தியாரான என்னை அட்டை எழுத உட்கார்த்தினார்கள். கதவு எண் இல்லாதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு அரிசி இல்லை.

சின்னத்தாய் மூன்று பிள்ளைகளோடு வந்து தகரத்தை மேசைமேல் வைத்தாள். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"இந்தாங்க நம்பரு."

மேற்பார்வையாளர் பஞ்சாபகேசன் எட்டிப் பார்த்தார். "இந்த நம்பரைப் பட்டியல்லேர்ந்து அடிச்சாச்சும்மா. வீடு எங்கே?"

"ஒங்க ஆளுகதான சாமி பிரிச்சாக? பரவை கிராமத்துல குத்தகைக்கு உழுதோம். நெல்லு வெல ஏறவும் பண்ணையாரு நெலத்தப் பிடுங்கிட்டாரு. இங்க குடிசையப் பிடுங்குனீக. இந்தத் தகரத்த மட்டுந்தான் யாரும் கேக்கல."

வரிசையில் ஒருவன் சிரித்தான். "அதுக்குள்ளயே குடியிரு ஆத்தா!"

"சிரிங்கண்ணே. ஒங்க தெருவுக்கும் ஒருநா ஆணியோட வருவாக."

"சட்டம் சட்டம்தான். அடுத்த ஆள் வாங்கோ" என்று சொல்லிவிட்டு, பஞ்சாபகேசன் காப்பி குடிக்கப் போனார்.

நான் ஓர் அட்டையை எடுத்து என் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். பிடிபட்டால் வேலை போகும்.

"இது எந்த நம்பரு வாத்தியாரய்யா?"

"என் வீட்டு நம்பர்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப பிள்ளைகள அங்கன படுக்க வைக்கலாமா?"

ஒற்றை அறை. அதில் என் மனைவி ஆனிமேரியும் நானும் நான்கு குழந்தைகளும். நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன்.

"சும்மா கேட்டேன்யா. அரிசி கெடச்சாப் போதும். ஆத்து மணல் இருக்குல்ல." தகரத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் பாலத்தின் மேல் நெடுநேரம் நின்றேன். கீழே மணலில் அவள் அடுப்பு புகைந்தது. குடிசைகள் இருந்த இடத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காவலுக்கு ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு லாரிகூட இல்லை.