கழுவப் போகும் ட்ரே

"கருவி கழுவுற ரூமை ஒரு தடவ பாக்கணும், மேடம்."

அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று மாமா வழிநெடுக ஓதிக்கொண்டே வந்திருந்தார். லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் என்று கேள், ஹாஸ்டலில் தண்ணீர் வருமா என்று கேள், கழுவுகிற அறையை மட்டும் வாயில் எடுக்காதே. மாமா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். இந்தப் பெரிய பல் மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அதிகாரிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் மாமாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருநாள், "எங்கக்கா பன்னெண்டு வருஷமா பல் க்ளினிக்லதான் இருக்காங்க மேடம்" என்று சொல்லிவைத்திருந்தார். அதிகாரி அம்மாள் அக்காவை டாக்டர் என்று எடுத்துக்கொண்டார். மாமா திருத்தப் போகவில்லை. அக்கா, அதாவது இவளுடைய அம்மா, அந்தக் க்ளினிக்கின் பின்னறையில் ரத்தம் பட்ட கருவிகளைத் தேய்த்துக் கழுவி நீராவிப் பெட்டியில் அடுக்குகிறவள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கழுவுற ரூமா? அத யாரும்மா கேப்பாங்க?"

"நான் கேக்கறேன்."

மாமா மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை முறைத்தார், ஏதோ அதுதான் வாய்த்துடுக்காகப் பேசியது போல.

கேட்டவளுக்கு வீட்டில் 'கொடுக்கு' என்று பெயர். வாயைத் திறந்தால் கொட்டுகிறாள் என்று மாமா வைத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறி பட்டம் வாங்கிய முதல் ஆள். இப்போது இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் முழு உதவித்தொகை. மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும். இந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் கேட்டவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இன்னொன்றின் பெயரைச் சொன்னால், அது எங்கே இருக்கிறது என்பார்கள். சர்டிபிகேட்டுகளை மாமா நேற்றே இங்கே ஒப்படைத்துவிட்டார்.

கொடுக்குக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. படித்து முடித்த மறுநாள் யாராவது எதிரே வந்து வாயைத் திறந்தால் அவள் கை நடுங்கக் கூடாது. க்ளினிக் வைத்துக் கொடுத்து, தேறும்வரை பக்கத்தில் ஆள் போட அவளுக்கு யாரும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் கைக்கு வேலை வந்துவிட வேண்டும். எந்தக் கல்லூரியில் வரும் என்பதை வழவழக் காகிதத்தில் அச்சடித்த கையேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ட்ரேயைப் பார்த்தால் சொல்லலாம்.

அது அம்மாவோடு பின்னறையில் உட்கார்ந்து பழகிய பார்வை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவாள். கழுவ வரும் ட்ரேயைப் பார்த்து அம்மா வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வாள். "பெரிய டாக்டர் ட்ரேன்னா நாலே சாமான். புதுசா வந்த இவனப் பாரு, கடையவே எறக்கிருக்கான். இந்த இடுக்கிய எடுத்திருக்கான், சரிப்படல. அதை வெச்சுட்டு இதை எடுத்திருக்கான். பஞ்சு மட்டும் பதினாறு. பாவம், படுத்திருந்தது யாரோ." சாமான் குறைந்தால் கை தேர்ந்தது. அம்மா அதை யாருக்கும் பாடமாகச் சொன்னதில்லை, சலித்துக்கொண்டதோடு சரி. கொடுக்குதான் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கல்லூரியின் கழுவும் அறைக்கு ஒரு உதவியாளர் கூட்டிப்போனார். கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், பளபளக்கும் தொட்டிகள். இளநிலை மாணவர்களின் ட்ரேக்கள், எல்லா வருடத்ததும் கலந்து, ஒரு ஜன்னல் வழியே வந்து வரிசையாக நின்றன. கொடுக்கு எட்டிப் பார்த்தாள். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி, கொக்கிக் கம்பி, பஞ்சு பிடிக்கும் சாமணம். மூன்றே சாமான். அடுத்த ட்ரேயிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. ஒரு பஞ்சு, அதுவும் வெள்ளை வெளேரென்று.

அவள் வரிசை முழுவதையும் ஒருமுறை எண்ணினாள். வெளியே வந்து மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, என்ன கைங்க மாமா இவங்களுக்கு. மூணே மூணு சாமான்ல வேலைய முடிக்கிறாங்க."

"அப்பாடா. அப்ப கையெழுத்தப் போட்டுட்டு வீட்டப் பாத்துப் போவோமா?"

"இன்னொன்னையும் பாத்துட்டு வந்துடலாம். பாக்காம விட்டா அப்பறம் தொண்டைல முள்ளா நிக்கும்."

"உனக்கா? நீதான்டி ஊருக்கே முள்ளு" என்றபடி மாமா சாவியை எடுத்தார்.

நாற்பது நிமிட ஓட்டம். சின்னக் கல்லூரி மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாள், ஒட்டிப் பல காலமாகி மஞ்சளாகிவிட்டிருந்தது. படிக்கட்டில் படிக்கு ஒருவராக நோயாளிகள், கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு. மாமா அவர்களைத் தாண்டித் தாண்டி ஏறினார்.

கழுவும் அறையில் ரப்பர் ஏப்ரன் கட்டிய அம்மாள் ஒருத்தி, பிரஷ்ஷும் கையுமாக நின்றிருந்தாள். "எந்த வருஷம் நீ?"

"இன்னும் சேரலக்கா. சேரலாமான்னு பாக்க வந்தேன்."

"சேந்தா, வேல முடிஞ்சதும் கருவிய தண்ணில ஊறப்போட்டுக் குடு. ரத்தத்தக் காயவெச்சுக் கொண்டாந்தே, கைய ஒடிப்பேன்."

"எங்கம்மாவும் இதத்தான் சொல்லுவாங்க."

அந்த அம்மாள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.

முதல் ட்ரேயைப் பார்த்ததுமே கொடுக்குக்கு மனசு விட்டுப்போயிற்று. பதினான்கு சாமான். பல் பிடுங்கும் இடுக்கி மட்டும் மூன்று, பல்லை அசைத்துத் தளர்த்தும் நெம்பி இரண்டு, உடைந்த பல் ஒன்று, பந்து பந்தாகச் சிவந்த பஞ்சு. அடுத்ததும் அப்படித்தான். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி இது, வெட்டுகுத்து நடந்த எடமாட்டம் இருக்கு" என்றார்.

"தடுமாறி இருக்காங்க மாமா. வேல தெரியல."

கிளம்பத் திரும்பியவள் அலமாரியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்து நின்றாள். மூன்றாம் ஆண்டு. நான்காம் ஆண்டு. கடைசி ஆண்டு. அவள் பார்த்தது மேல்தட்டு, மூன்றாம் ஆண்டு. குனிந்து அடுத்த தட்டைப் பார்த்தாள். ஒன்பது, எட்டு, பத்து. இன்னும் குனிந்தாள். கடைசி ஆண்டு: ஐந்து, நான்கு, ஐந்து. இடுக்கி ஒன்றுதான், நெம்பி ஒன்றுதான். பஞ்சு இரண்டு. பிடுங்கிய பல், வேரோடு, முழுசாக.

கொடுக்கு தரையில் குந்தியபடியே இருந்தாள். கை எப்படிக் கையாகிறது என்பது அந்த அலமாரியில் மேலிருந்து கீழாக அடுக்கிவைத்திருந்தது. பெரிய கல்லூரியிலோ எந்த வருடத்து ட்ரே வந்தாலும் மூன்றுதான். என்ன மூன்று? கண்ணாடி, கொக்கி, சாமணம். அதை வைத்துக்கொண்டு பல்லைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான் முடியும். சுத்தமாக இருந்தது கைத்திறமையால் இல்லை. அங்கே யாரும் எதையும் தொடவே இல்லை. இத்தனை வருடம் ட்ரே பார்த்து வளர்ந்தவள், எத்தனை சாமான் என்று எண்ணினாளே தவிர என்ன சாமான் என்று பார்க்கவில்லை. தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஏமாந்துட்டேன் மாமா. வாங்க, வேல நடக்கற எடத்தப் பாக்கணும்."

கூடம் நீளமாக இருந்தது. இருபது நாற்காலிகள், இருபதிலும் ஆள். மூன்றாவது நாற்காலியில் லாரி ஓட்டுநர் ஒருவர், காக்கிச் சட்டையோடு, இரண்டு கையாலும் பிடியை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் கடைசி ஆண்டு மாணவி. குள்ளம். ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். பின்னால் ஆசிரியர், கோட்டுப் பாக்கெட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு.

"அண்ணே, மரத்துடுச்சா? உதடு தடிச்ச மாதிரி இருக்கா?"

"தலகாணிய வெச்சுக் கட்டுன மாதிரி இருக்கும்மா."

"அப்ப சரி. இப்ப அழுத்தம் தெரியும், வலி தெரியாது. வலிச்சா இடது கையத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். வலது கையத் தூக்கிடாதீங்க, அது என் மூக்குல படும்."

ஓட்டுநர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவள் நெம்பியை வைத்தாள். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் ஒரு நூலளவு திரும்பியது. இடது கை விரல்கள் தாடையை அடியில் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த விரல்களைத்தான் கொடுக்கு பார்த்தாள். வேலை செய்தது வலது கை என்றாலும், பல் எவ்வளவு அசைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது இடது கை. அவசரம் என்பதே இல்லை. நெம்பி வெளியே வந்தது, இடுக்கி உள்ளே போனது. ஒரு பக்கம், மறு பக்கம், மறுபடி முதல் பக்கம்.

ஓட்டுநரின் இடது கை எழுந்தது. அவள் கையை அப்படியே நிறுத்தினாள், சொன்ன வார்த்தை மாறவில்லை. "வலியா, பயமாண்ணே?"

அவர் யோசித்தார். "பயம்" என்று குழறினார்.

"பரவால்ல. போகட்டும். மூச்ச விடுங்க."

"வேர் வளைஞ்சிருக்கும்" என்றார் ஆசிரியர், பின்னாலிருந்து. கை பாக்கெட்டிலேயே இருந்தது.

"தெரியுது சார். கன்னத்துப் பக்கம் வருது."

அடுத்த நிமிடம் பல் இடுக்கியில் இருந்தது. வளைந்த வேரும் முறியாமல். அவள் அதை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியிடம் காட்டினாள். ஓட்டுநர் தன் பல்லை ஏதோ கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கொடுக்கு இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள். கைதட்டலாம் போல இருந்தது. மாமா முந்திக்கொண்டு, "பெரிய ஆளும்மா நீ" என்று சொல்லிவிட்டார்.

மாணவி பலகையிலிருந்து இறங்கினாள். கொடுக்கு கேட்டாள்: "உங்க சார் ஏன் கையையே வெளிய எடுக்கல?"

"எடுத்தார்னா இந்தக் கேஸ் என் கணக்குல வராது. இங்க அப்படித்தான். கை வெளிய வந்தா அது அவரோட கேஸ். எனக்கு முடியலன்னா எடுத்துடுவாரு, பேஷன்ட்ட தவிக்க விடமாட்டாரு. மூணாம் வருஷம் பத்துல எட்டு கேஸ் அவருதான் முடிச்சாரு. ராத்திரி அழுவேன்." அவள் கையுறையை உரித்தாள். "இந்த வருஷம் அறுபத்திரெண்டு எடுத்துட்டேன். ரெண்டு தடவதான் அவரு கை வெளிய வந்துச்சு."

"அந்த ரெண்டும் ஞாபகம் இருக்கா?"

"அந்த ரெண்டு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

பெரிய கல்லூரிக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. பெற்றோர் கையெழுத்துக்காக அம்மா வேலையிலிருந்து நேரே வந்து, அதிகாரியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆறிப்போன தேநீர்.

கொடுக்கு நின்றபடியே கேட்டாள். "மேடம், இங்க கடைசி வருஷத்துல ஒரு ஸ்டூடன்ட் எத்தன பல் எடுப்பாங்க?"

"இங்க வர்றதெல்லாம் பெரிய கேஸும்மா. மேற்படிப்பு ஸ்டூடன்ட்ஸ் பாப்பாங்க. நீங்க கூட நின்னு கவனிக்கலாம். அப்பறம் பொம்மைத் தலை இருக்கு, நாப்பது வாங்கியிருக்கோம். அதுல எவ்வளவு வேணாலும் பழகலாம்."

"பொம்ம எச்சில் முழுங்குமா மேடம்? பயந்துட்டு கையத் தூக்குமா?"

அதிகாரி சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. அம்மாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க டாக்டர், உங்க பொண்ணுக்கு" என்றார்.

மாமா ஜன்னலுக்கு வெளியே எதையோ தேட ஆரம்பித்தார்.

"எங்கம்மா டாக்டர் இல்ல மேடம்" என்றாள் கொடுக்கு. "கருவி கழுவறவங்க. எந்த ட்ரே எந்தக் கையிலருந்து வந்துதுன்னு பாத்தாலே சொல்லிடுவாங்க. இந்த ஊர்ல அப்படிப் பாக்கத் தெரிஞ்ச டாக்டர் எத்தன பேருன்னு எனக்குத் தெரியல."

அதிகாரி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிவாள் என்று மாமா நினைத்தார். அவள் நிமிர்ந்தாள்.

"ஆமா மேடம், கழுவறேன். அதனாலதான் இவ இங்க படிக்கணும்னு சொல்றேன்." மகளிடம் திரும்பினாள். "பன்னெண்டு வருஷம் பின் கதவு வழியாத்தான் உள்ள போறேன்டி. இந்தப் பேரு உன் பேருக்குப் பின்னால இருந்தா ஒருத்தனும் உன்னப் பின்னால வரச் சொல்லமாட்டான்."

"இங்க படிச்சவங்க உன் க்ளினிக்குக்கு வந்திருக்காங்கள்ல?"

"வந்தாங்க. மூணு பேர்."

"ட்ரே எப்படி இருந்துச்சு?"

அம்மா தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். பொய் சொல்லிவிடலாம், அந்த விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது. "கடைசியா வந்த பையன் அழுதுட்டான், பின்னறைல வந்து" என்றாள். பிறகு விட்டுக்கொடுக்காமல், "அவனும் இப்ப சொந்தமா க்ளினிக் வெச்சுட்டான்" என்றாள்.

"அவங்கப்பா வெச்சுக் குடுத்தாரும்மா."

"வாய் வாய். அந்த ஓட்டக் கட்டடத்துல அஞ்சு வருஷம் படிச்சிட்டு என்கிட்ட வந்து அழாத."

"மூணாம் வருஷம் அழுவேன். அப்ப வருவேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை, இன்றைக்கு.

"சர்டிபிகேட்டக் குடுங்க, மேடம்."

அதிகாரி அலமாரியைத் திறந்தார். திருப்பி வாங்கியதற்கான பதிவேடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இங்கே யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். கொடுக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன. மாமா, "மேடம், சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க, நாளைக்கு வேன் வழக்கம்போல ஏழே காலுக்கு" என்று ஆரம்பித்தார்.

மாமாவின் அந்தப் பேச்சு முடியக் கால் மணி நேரம் ஆகும். சின்னக் கல்லூரியின் அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும், மணி நான்கு அடித்துக்கொண்டிருந்தது. கொடுக்கு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கினாள். அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டாள். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று வாசல் காவலாளியிடம் கேட்டு, அவர் கை காட்டி முடிப்பதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.