நோட்டில் வந்த புகார்

என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு காதிலும் கேட்க உதவும் மெஷின். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரு நீல நோட்டு போய்வரும். அவள் ஏதாவது எழுத வேண்டும். கீழே நான் பதில் எழுத வேண்டும். திருத்தக் கூடாது. அது டீச்சரின் கட்டளை.

முன்பு பதில் எழுதியவள் என் மனைவி. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

டீச்சர் என்னை வரச்சொல்லி நோட்டைப் பிரித்தார்.

"பூனைன்னு எழுதியிருக்கா. நீங்க சரின்னு எழுதியிருக்கீங்க. மழை. சரி. பல்லு. சரி."

"பல்லு ஆடுச்சு டீச்சர்."

"அத எழுதியிருக்கலாமே சார். பெட்டி மேல ஒட்டுற சீட்டு மாதிரி இருக்கு."

மருந்துக் கிடங்கில் எனக்கு அதுதான் வேலை.

"மாசக் கடைசிக்குள்ள அவளா மூணு வரி எழுதணும். இல்லன்னா இதே வகுப்புல உக்கார வச்சிடுவாங்க. கூட்டாளிங்க எல்லாம் மேல போயிடுவாங்க. நாம பேசுறது அவ காதுல பாதிதான் விழுது. வாக்கியத்த அவ கண்ணால பாக்கணும். நீங்க ஒரு வார்த்தை எழுதினா அவளும் ஒண்ணோட நிறுத்திக்கறா."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "மத்தியானமானா மெஷினக் கழட்டி பையில போட்டுடறா. ஏன்னு கேட்டா தோளக் குலுக்கறா."

அன்று மாலை "பஸ்" என்று எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினாள். "ச" என்று தொடங்கி அடித்தேன். பிறகு எழுதினேன்: "பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தார். நானும் அவர் காலை மிதித்தேன். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோம்."

விரல் வைத்துப் படித்தாள். குனிந்து என் காலைப் பார்த்தாள். சிரித்தாள்.

மறுநாள் இரண்டு வார்த்தை வந்தது: "எந்த கால்".

"இடது கால். சுண்டுவிரல் வீங்கிவிட்டது. பார்த்தால் நலம் விசாரி."

விசாரித்தாள். அதன் பிறகு தினமும் எழுதினேன். கிடங்கு எலி, தீய்ந்த பாத்திரம், மாடி வீட்டுக்காரரின் தும்மல். ஒரு நாள், "அம்மா ஜடை போடும்போது பாடுவாள். எனக்குப் பாட வராது" என்றும் எழுதினேன். அவள் இரண்டு மூன்று வார்த்தைகளிலேயே நின்றாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. காலையில் நான் அவள் ஜடையை மடித்து ரிப்பன் கட்டி முடித்ததும், கேட்காமலே நோட்டை எடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"அப்பா ஜடை காது மேல. மெஷின் குத்துது. அம்மா ஜடை கீழ போட்டா. நீ கீழ போடு."

இரண்டு முறை எண்ணினேன். நான்கு வரி. எட்டு மாதமாகக் குத்தியிருக்கிறது.

ரிப்பனை அவிழ்த்தேன். காதுக்குக் கீழே, கழுத்தை ஒட்டிப் பின்னினேன். கோணல்தான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

மாலை அழைக்கப் போனபோது டீச்சர் வாசலிலேயே நோட்டோடு நின்றார்.

"மேல போறா சார். அப்பாவ இவ்வளவு தெளிவா குறை சொல்ற பிள்ளைய யாரு நிறுத்துவா?" பக்கத்தைத் திருப்பினார். "ஆனா கீழ பாருங்க. மறுபடியும் 'சரி'ன்னு ஒரே வார்த்தையா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்."

மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். இரண்டு மெஷினும் காதில் இருந்தன.