பேச்சில் கடைசி ஆள்

சவ வண்டியின் பின்சக்கரம் மூன்றாவது முறையாகச் சுற்றி, பின்னால் நின்றவர்களின் வெள்ளை வேட்டியில் சேற்றை வாரி அடித்துவிட்டு அடங்கியது. கல்லறைத் தோட்டம் இன்னும் முக்கால் கிலோமீட்டர். மண் பாதை இரண்டு நாள் மழையில் நாற்று நடலாம் போலக் குழைந்து கிடந்தது. தோளில் தூக்கிப் பார்த்தார்கள். நாலு அடிக்குள் இரண்டு பேர் வழுக்கி விழ, பெட்டியை மறுபடி வண்டியிலேயே ஏற்றினார்கள். உள்ளே ரெமிஜியஸ். திருத்துறைப்பூண்டியில் களையெடுக்கும் கருவி செய்யும் பட்டறையை இருபத்தாறு வருஷம் நடத்தியவர். மனுஷனுக்குப் போகும்போதும் சேறுதான் வாய்த்தது.

"அண்ணனோட சேந்து பட்டறையோட மூளையும் போயிடுச்சும்மா," என்று சித்தப்பா பெரியநாயகசாமி காலையிலேயே சொல்லியிருந்தார். "பட்டறைக்காரங்க எல்லாம் சொன்னதைச் செய்யுற ஆளுங்க. அடக்கம் முடிஞ்சதும் நாகப்பட்டினம் பார்ட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிடு, வித்துடலாம்." ரெமிஜியஸின் மகள் ஃபெபிக்குப் பட்டறையை விட மனமில்லை. ஆனால் சித்தப்பா சொன்னது தப்பு என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

"டிராக்டர் கொண்டாந்து இழுங்க," என்றாள்.

"சரிங்கம்மா," என்றார் ஃபோர்மேன் செல்லதுரை. பட்டறை ஆட்கள் மொத்தப் பேரும் தலையாட்டினார்கள். ஃபெபி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா முன்னால் இவர்கள் இப்படித் தலையாட்டி அவள் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கும் ஒரு காலத்தில் ஆட்டியிருக்கிறார்கள். முதல் வருஷம் அவரே முந்திக்கொண்டு ஒரு சக்கரம் வரைந்தார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். செய்த நாற்பது கருவியும் களிமண்ணில் அச்சுவரை புதைந்தன. சக்கரம் ஒல்லி என்று அன்றைக்கு வெல்டராக இருந்த செல்லதுரைக்கு முன்பே தெரியுமாம். கேட்டதற்கு, முதலாளியே சொல்லிட்டீங்களே என்றாராம். அன்றிலிருந்து பட்டறையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், முதலாளி கடைசியில். அதே முட்டாள்தனத்தை இப்போது தானும் செய்துவிட்டோம் என்று ஃபெபிக்குச் சுருக்கென்று உறைத்தது.

"நான் சொன்னதை விடுங்க. கடைசியா வேலைக்குச் சேந்தது யாரு?"

பெயிண்ட் அடிக்கும் ராமாயி முன்னால் வந்தாள். சேர்ந்து மூன்று மாதம். "டிராக்டர் போனா பாதை கிழிஞ்சிடும்மா. பின்னாடி ஒருத்தரும் நடக்க முடியாது. நாத்து இழுக்கற தகரத் தட்டு பட்டறையில கெடக்குல்ல, ரெண்டைச் சேத்து, மேல ஐயாவை வச்சுக் கயித்தால இழுக்கலாம்."

"திரும்பற எடத்துல பக்கவாட்டுல சறுக்கும்," என்றார் செல்லதுரை.

"அடியில நீளவாக்குல பைப்பு வச்சு வெல்டு அடிங்களேன், சறுக்காது," என்றாள் ராமாயி.

"ஒண்ணு போதாது. ரெண்டு வேணும்," என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "பெட்டியை நடுவழியில வச்சுக்கிட்டு என்ன பஞ்சாயத்து இது," என்று சித்தப்பா பல்லைக் கடித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஃபெபிக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. வாயைத் திறக்காமல் நின்றாள்.

ஒரு மணி நேரத்தில், அடியில் இரண்டு பைப்போடு தட்டு வந்தது. ஆறு பேர் கயிறு பிடிக்க, ரெமிஜியஸ் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனார். வளைவில் பெட்டி மேலிருந்த மாலைகூட நகரவில்லை. பாதி வழியில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கயிற்றைப் பிடித்தார்.

மண் போட்டு முடிந்ததும் அவர் போனை எடுத்தார். "அந்தப் பார்ட்டிக்கு என்னன்னு சொல்லட்டும்?"

"விக்கறதுக்கில்லன்னு சொல்லிடுங்க சித்தப்பா."

அவர் அந்த நம்பரை அழுத்தினார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடுத்ததை இன்னும் எப்படிச் செய்யலாம் என்று ஆட்கள் சுற்றி நின்று பேசினார்கள். ராமாயி ஒரு குச்சியால் ஈர மண்ணில் பைப்பின் வளைவை வரைந்தாள். செல்லதுரை காலால் பாதியை அழித்தார். அவள் மறுபடி வரைந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. ஃபெபி தன் குடையை அந்தக் கோட்டின் மேல் பிடித்தாள்.