ஹம்மிங்தான்

திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயருக்குள் அவள் பென்சிலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் பக்கத்து ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"இப்ப என்ன சத்தம்?" என்று கத்தினார்.

"தகரத்துல மணல் கொட்டுற மாதிரி" என்று அவருடைய இடது காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அங்கதான் சால்டர் பத்து விட்டிருக்கு. குறி போட்டு வை. நாளைக்குப் பத்த வைக்கலாம்."

பெரிய ஸ்பீக்கர்களோடு மல்லுக்கட்டியே மெக்கானிக்கான அவருடைய காது போய்விட்டது. அதன்பிறகு ரிப்பேர் கடைக்குக் காது அவள்தான். மணல், வண்டு, கொதிக்கிற தண்ணீர் என்று அவள் சொல்லச் சொல்ல, கோளாறு எங்கே என்று அவர் பிடித்துவிடுவார். இரண்டு பேரும் போடுகிற கூச்சலைக் கேட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று விலக்கிவிட ஓடிவந்தவர்களும் உண்டு. உன்னிப்பாகக் கேட்கவேண்டிய நேரத்தில் அவள் ஒரு கையை உயர்த்துவாள். கடையே கப்சிப் ஆகிவிடும். சத்தத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் அவருடைய ஒருநாள் உழைப்பு பாழ். அதனால் அவள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சும்மா படுத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அடம்பிடித்து, பாதியில் நின்ற வேலையை அறைக்கே வரவழைத்திருந்தார்.

இப்போது அவர் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இங்கயும் என்னமோ அதிருது. கேட்டுச் சொல்லு."

அவள் குனிந்து காதை வைத்தாள். உள்ளே தண்ணீர் கொதித்தது. நின்றது. மறுபடி கொதித்தது. ஒவ்வொரு தடவையும் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. நிமிர்ந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று, அப்படியே நகர்ந்து அவர் காதருகே போனாள்.

"ஹம்மிங்தான்."

ஹம்மிங் என்கிற ஒரே சீரான ரீங்காரம் அவருக்கு அற்ப சமாச்சாரம். எர்த் கம்பியை இறுக்கி முறுக்கினால் போய்விடும்.

"ஹம்மிங் விட்டுவிட்டு வராதுடி" என்றார். இந்தமுறை கத்தவில்லை.

அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். சூடுபட்டுக் காய்த்துப்போன விரல்கள் அவள் தலைமுடிக்குள் புகுந்து மெல்லக் கோதின.

"சரி, நீ சொன்னா ஹம்மிங்தான். ரெண்டையும் நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அவள் மறுபடியும் நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை. ஜன்னலில் வெயில் இறங்கியது. கோதிக்கொண்டிருந்த விரல்கள் ஓய்ந்தன. கொதிப்பு நின்றது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள்.

"அம்மா, பால் ஆறிடப்போகுது. அப்பாவைக் கொஞ்சம் தூக்கி உட்கார வையேன்" என்றபடி டம்ளரோடு மகள் உள்ளே வந்தாள்.

அவள் தலையைத் தூக்காமல் ஒரு கையை உயர்த்தினாள்.

மகள் அப்படியே நின்றாள். மேஜைமேல் ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று, ஓசைப்படாமல் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.