பயிற்சி வேலையில் சேராது

விடியுமுன்னே பதினெட்டுப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி மைதானம் கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. தண்ணீரெல்லாம் ஆட்ட மைதானத்துக்கு. தொலைக்காட்சியில் பச்சையாகத் தெரியவேண்டுமே! குதிகாலில் வாங்கிய அடி இடுப்பு வரைக்கும் ஏறியது. பல்லெல்லாம் புழுதி. பன்னிரண்டாவது சுற்றில் பந்தோடு திரும்பிய குருவி என்ற பெண்ணின் காலணி தரைவெடிப்பில் மாட்டியது. உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம்.

"அக்கா, கால் என்கூட வரமாட்டேங்குது" என்றாள் குருவி.

அணிக்கே அக்காவான கோல்கீப்பர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். அறுவை சிகிச்சை, எட்டு மாத ஓய்வு என்றார் மருத்துவர். மதியத்துக்குள் கிளப்பின் கடிதம் வந்துவிட்டது: ஒப்பந்தம் ரத்து. ஆட்டத்தில் அடிபட்டால்தான் சிகிச்சை கிளப்பின் பொறுப்பு. பயிற்சி வேலையில் சேராதாம்.

கிளப் முதலாளி மெத்தை வியாபாரி. ஊரைத் தூங்கவைத்த பெருமை போதாதென்று கால்பந்து அணி ஒன்றையும் வாங்கியிருந்தார். அக்கா அவர் அறைக்குள் நுழைந்தபோது, ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஏற்கெனவே அங்கே சோபாவில் சாய்ந்திருந்தார். கையில் முதலாளி வீட்டுப் பழச்சாறு. பழைய நட்சத்திரம். பந்தைத் தொட்டுப் பதினைந்து வருடமாயிற்று. மாலையைத் தொட்டுப் பதினைந்து மணி நேரம்கூட ஆகியிருக்காது. சங்கக் கூட்டத்தை எப்போதும் பயிற்சி நேரத்தில்தான் வைப்பார். வரமுடியாதவர்களுக்காகச் சம்மதத் தாள் ஒன்று சுற்றுக்கு வரும். பெண்களும் சட்டையை நீட்டி அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அவர் தாளில் தங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். அப்படி நான்கு முறை ஏகமனதாகத் தேர்வான மாமனிதர்.

"வாம்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார் முதலாளி.

"குடும்பத்துல ஒருத்திக்குக் கால் போச்சுன்னா வீட்டைவிட்டு அனுப்பிடுவீங்களா சார்?"

"உணர்ச்சிவசப்படாதே. ஆட்டம்தான் வேலை. பயிற்சிங்கிறது உங்க சொந்த முன்னேற்றம்."

"அப்போ நாளையிலேர்ந்து முன்னேறாம தூங்குறோம். உங்க மெத்தையிலயே."

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் விடாமப் பேசி நிர்வாகத்தை இறங்கிவர வெச்சிருக்கேன். குருவிக்கு ஒரு பாராட்டு விழா. என் கையாலயே கேடயம்."

"கேடயத்தை முட்டிக்குள்ள வெச்சுத் தைப்பாங்களாண்ணே?"

"என் காலத்துல ரெண்டு பல்லு போயும் ஆடினேன் நான்!"

"பல்லாலயா ஓடினீங்க?"

"கதவைச் சாத்திட்டுப் போம்மா, ஏசி வீணாகுது" என்றார் முதலாளி.

உடைமாற்றும் அறையில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி கேட்டாள்: "நமக்கு என்னக்கா பலம் இருக்கு? நாம போனா வர்றதுக்கு வாசல்ல வரிசையா நிக்கிறாங்க."

"ஆட்டத்துக்கு முன்னாடி தகுதிச் சீட்டுல ஏன் கையெழுத்து வாங்குறாங்க? யோசிச்சியா?"

'நான் நலமாக இருக்கிறேன், பழைய காயம் எதற்கும் கிளப் பொறுப்பல்ல' என்று ஒவ்வொருத்தியும் எழுதித்தரும் சீட்டு அது. அது கைக்கு வராமல் நடுவர் விசில் ஊதக்கூடாது. தங்கள் தலை தப்ப முதலாளிகளே போட்டுவைத்த விதி. ஒருத்தி மறுத்தால் இன்னொருத்தியை இறக்கலாம். அத்தனை பேரும் மறுத்தால் மெத்தையைத்தான் இறக்கவேண்டும்.

"எதிரணி போட்டுட்டா?"

"அவங்களுக்கும் முட்டி இருக்கில்ல? நான் பேசிப் பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அரங்கம் நிறைந்து வழிந்தது. உடைமாற்றும் அறையில் சீட்டுகள் மேசைமேல் வெறுமையாகக் கிடந்தன. குருவி கட்டுப்போட்ட காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் ஓடி அந்தப் பெண்கள் பார்த்தது அன்றுதான்.

"என்னைக் கேக்காம எப்படி முடிவெடுப்பீங்க? தலைவர் நானா நீங்களா?"

"அதைத்தாண்ணே ஓட்டுக்கு விடப்போறோம். ஓரமா உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பின்னால் வந்த முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"நாளைக்கே உங்க எல்லாரையும் தூக்கிடுவேன்!" முதலாளி கத்தினார்.

"பார்த்துத் தூக்குங்க சார், இடுப்பு பிடிச்சுக்கும்."

அறையே சிரித்தது. ஆனால் சிலர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணியிடமிருந்து இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. அவர்கள் களத்தில் இறங்கிவிட்டால் இவர்கள் தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

அப்போது முதலாளியின் தோளை ஒதுக்கிக்கொண்டு எதிரணிக் கேப்டன் உள்ளே வந்தாள். கையில் ஒரு கட்டுச் சீட்டு. ஒன்றிலும் கையெழுத்து இல்லை.

"எங்க ரூம்ல பேசவிட மாட்டேங்குறாங்கக்கா. இங்க உக்காந்துக்கலாமா?"

பெஞ்சில் இடமில்லை. அவள் குருவியின் காலைப் பதமாகத் தூக்கி, அந்த இடத்தில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தான ஒப்பந்தம் இன்னும் ரத்தாகத்தான் இருந்தது. வெளியே கூட்டம் பொறுமையிழந்து கைதட்டியது. பெண்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். வேறு நிறச் சட்டைகள் வாசல் வழியாக வந்துகொண்டே இருந்தன.