பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார்

பெட்ரோல் பங்க்கின் தகரக் கூரையை மழை போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் சொட்டச் சொட்ட நின்றன. லிஃப்ட் மெக்கானிக் கையுறைகளைக் கழற்றித் துணி பிழிவதுபோல் பிழிந்தான். வருஷம் பூராவும் இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்துக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு இந்தப் பயணம் பெரிய ஆசை. சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி லீவு வாங்கியிருந்தான். மழை என்று சொல்லி வீட்டில் குந்தியிருக்க அவனால் முடியவில்லை.

பயணத்தைத் திட்டம் போட்டவன் அச்சகக்காரன். சிறுவயதிலிருந்தே எங்கே போனாலும் முன்னால் நடப்பான் என்பதால் அவனுக்குக் கேப்டன் என்றே பெயர். மூன்றாமவன் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவன். வாயைத் திறந்தால் “நிதானம்டா, நிதானம்” என்பான். அதனால் நிதானம் என்பதே அவன் பெயராகிவிட்டது. கேப்டன் முன்னால், மெக்கானிக் நடுவில், நிதானம் கடைசியில். கல்லூரிக் காலத்திலிருந்து இதுதான் வரிசை.

அன்று பங்க்கில் நிதானத்தின் பையைக் கட்டியிருந்த வார் அறுந்துவிட்டது. அவன் சாவகாசமாக ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்தான். கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் அணைக்கட்டு விடுதிக்குப் போகாவிட்டால் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அவன் குதித்தான். நிதானம் நிமிராமலே, நீங்கள் போய்க்கொண்டிருங்கள், டீக்கடை வந்தால் நில்லுங்கள், நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றான். இருவரும் கிளம்பினார்கள்.

ஊரைத் தாண்டியதும் சாலை வயல்களுக்கு நடுவே நீண்டு போனது. நடுப்பகல்தான், ஆனாலும் வானம் கறுத்துக் கிடந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டே இருந்ததால் முன்னால் போகும் கேப்டனின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு மெக்கானிக் ஓட்டினான். மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் அந்த விளக்கு சட்டென்று பிரகாசித்தது. கேப்டன் பிரேக் போட்டிருந்தான்.

சாலையில் மஞ்சள் மஞ்சளாக என்னவோ சிதறிக் கிடந்தது. கிட்டப் போனதும்தான் அவை கோழிக்குஞ்சுகள் என்று தெரிந்தது. பெரிய அட்டைப்பெட்டி ஒன்று நனைந்து வாயைப் பிளந்திருந்தது. கேப்டன் காலை ஊன்றி ஊன்றி, ஒரு குஞ்சின்மீதுகூடச் சக்கரம் ஏறாமல், பதவிசாக வளைத்து ஓட்டிப் போனான். மெக்கானிக்கும் அப்படியே போனான்.

பள்ளத்தில் ஒரு ஸ்கூட்டர் குப்புறக் கிடந்தது. அதற்கு இப்பால், சேற்று மேட்டில் பாதியும் தார்ச்சாலையில் பாதியுமாக ஒரு மனிதன் கிடந்தான். வயல் தண்ணீர் அவன் கால்களின் மேலேறி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. அந்த மனிதனின் கை அசைந்தது. காற்றில் அசைந்ததல்ல, விரல்கள் எதையோ பிடிக்கப் பார்த்தன.

முன்னாலிருந்து ஹாரன் ஒலித்தது. கேப்டன் திரும்பிப் பார்த்து, வா, வா என்று கையை வீசினான். மெக்கானிக்கின் வலது கை, யாரைக் கேட்டதோ தெரியாது, ஆக்ஸிலரேட்டரைத் திருகியது.

டீக்கடையில் ஈர பெஞ்சில் உட்கார்ந்ததும் இருவரும் டீ சொன்னார்கள். பிறகு கேப்டனே ஆரம்பித்தான்.

“நின்னிருந்தா நாமதான் இடிச்சோம்னு ஆயிருக்கும். ஸ்டேஷன், கோர்ட்டு, சாட்சின்னு ஆயுசு பூரா அலையணும். உனக்கு எதுக்கு அது? பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்க.”

மெக்கானிக் தலையாட்டினான். உள்ளதைச் சொன்னால் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நிற்காமல் வந்தது கோழைத்தனம் இல்லை, புத்திசாலித்தனம் என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான் அல்லவா. ஆனால் டீ அவன் கையிலேயே ஆறியது. அவன் கம்பெனியில் வருஷந்தோறும் ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி முதலுதவி சொல்லிக்கொடுப்பார்கள். மூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, ரத்தத்தை எங்கே அழுத்தி நிறுத்துவது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பொம்மைக்கு முன்னால் முதல் ஆளாக மண்டி போடுபவன் அவன்தான்.

நிதானம் வரவில்லை. ஒரு வார் தைக்க இவ்வளவு நேரமா என்று முதலில் கேலி பேசினார்கள். இரண்டாவது டீயும் ஆறியது. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்போது மெக்கானிக்கின் போன் ஒலித்தது. நிதானத்தின் மனைவி.

“அண்ணா, அவர் பக்கத்துல இருக்காரா? போனை எடுக்கவே மாட்டேங்கறார். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“பின்னாடி வர்றான்மா. மழையில கேட்டிருக்காது. வந்ததும் பேசச் சொல்றேன்” என்றான் மெக்கானிக். பொய் அவ்வளவு சரளமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம். போனை வைத்த பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. அந்த வளைவு. வழுக்கும் தார். அந்த வழியாகத்தான் நிதானமும் வர வேண்டும்.

திரும்பிப் போகலாம் என்றான். டயர் பஞ்சராகியிருக்கும், அவன் வண்டியை அவனே பார்த்துக்கொள்வான், அறை போய்விடும் என்று கேப்டன் இழுத்தான். மெக்கானிக் ஹெல்மெட்டின் வாரைக்கூட மாட்டாமல் வண்டியைத் திருப்பினான்.

மழை இப்போது முகத்துக்கு நேராக அடித்தது. வழியெல்லாம் எதிரில் வரும் ஒற்றை விளக்கையெல்லாம் நிதானம் என்று நம்பினான். ஒவ்வொன்றும் வேறு யாரோவாகிக் கடந்து போனது. வளைவு வந்தது. பள்ளத்தில் அதே ஸ்கூட்டர். அதற்குச் சற்று இப்பால், சாலையோரம் சரிந்து கிடந்தது நிதானத்தின் பச்சை வண்டி. கைப்பிடி முறுக்கிக்கொண்டிருந்தது. அவன் ஹெல்மெட் தனியே உருண்டு கிடந்தது, பக்கவாட்டில் விரிசல் விட்டு. பிழைத்த குஞ்சுகள் சில வண்டியின் எஞ்சின் சூட்டுக்கு ஒண்டியிருந்தன. ஆள் யாரும் இல்லை.

மெக்கானிக் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான். பள்ளத்தில் இறங்கி, இடுப்பளவுச் செடிகளை விலக்கிப் பார்த்தான். சேற்றில் இருமுறை வழுக்கி விழுந்தான். எங்கிருந்தோ போன் மணி கேட்டது. தேடினால், நிதானத்தின் பெட்ரோல் டேங்க் மேலிருந்த பைக்குள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. எடுத்தான். ‘வீடு’ என்றிருந்தது திரை. அந்த அழைப்பை எடுக்கவும் துணிவில்லை, துண்டிக்கவும் மனம் வரவில்லை. அது தானாக ஓயும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு கார் வந்தது. கையைக் காட்டினான். வேகம் குறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் அவனையும் கிடந்த வண்டிகளையும் பார்த்தது. பிறகு வேகமெடுத்துப் போய்விட்டது. அடுத்து ஒரு வேன், நிற்கவே இல்லை. மெக்கானிக் நடுச்சாலைக்கே போய் இரண்டு கைகளையும் விரித்தான். லாரி ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு, சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. ஓட்டுநர் இவனைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டது தெரிந்தது. அந்த முகத்தை மெக்கானிக் அடையாளம் கண்டுகொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் தன் ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் அதுதான்.

வயலிலிருந்து புல்லுக்கட்டோடு ஏறி வந்த ஒரு பெண் இவனைப் பார்த்துத் தயங்கி நின்றாள். பால் வண்டி ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னாள்.

“யாரைம்மா?”

“ரெண்டு பேரையும்தான். ஒருத்தருக்குப் பேச்சு மூச்சு இல்லை. இன்னொருத்தர் சட்டையெல்லாம் ரத்தம். யார் எவர்னு எனக்குத் தெரியலைங்க. கூட்டுரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க.”

பேச்சு மூச்சு இல்லாதவர் யார், ரத்தத்தில் நனைந்தவர் யார் என்று கேட்காமலே அவன் வண்டியில் ஏறினான். எந்தப் பதிலும் நல்ல பதில் இல்லை.

ஆஸ்பத்திரி சின்னது. வாசலில் செருப்புகளும் சேறும். தாழ்வாரத்தில் பினாயில் வாடை. மெக்கானிக் உள்ளே ஓடி, வெள்ளை உடை தெரிந்த இடத்திலெல்லாம் நிதானத்தின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டான். ஒரு நர்ஸ் மூலையைக் காட்டினாள்.

நிதானம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் கட்டு. மழைக்கோட்டு இல்லை, சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கறை. மெக்கானிக் போய் அவன் தோளைத் தொட்டான், கழுத்தைத் தொட்டான், தலையைத் தடவினான். போனை அவன் மடியில் வைத்து, முதலில் வீட்டுக்குப் பேசுடா என்று மட்டும் சொன்னான்.

மனைவியிடம் பேசி முடித்ததும் நிதானம் நடந்ததைச் சொன்னான். ஆள் கிடப்பதைப் பார்த்துப் பிரேக் போட்டதில் வண்டி வழுக்கி அவனும் விழுந்தானாம். எழுந்து போய் அந்த மனிதனின் தொடையில் தன் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டானாம். மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டானாம். பல வண்டிகள் போன பிறகு பால்காரர் நின்றாராம். கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் போயே ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். போலீஸ்காரர் ஒருவரும் வந்துபோனாராம். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம். கூட்டி வந்தது நல்ல காரியம், கையைக் காட்டி மருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். அவ்வளவுதான்.

“நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் தாண்டிப் போனதுக்கு அப்புறம்தான் அவர் விழுந்திருக்கணும்” என்றான் நிதானம். “இல்லைன்னா நீ விட்டுட்டுப் போயிருப்பியா? இந்தத் துண்டை வெச்சு அழுத்தறதெல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதானே.”

மெக்கானிக் தரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது வாசலில் ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அடிபட்டவரின் மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை. நர்ஸ் இவர்கள் பக்கம் கையைக் காட்ட, அவள் நேரே வந்து, நின்றுகொண்டிருந்த மெக்கானிக்கின் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க மட்டும் நிக்காம போயிருந்தா என் வீடு என்ன ஆயிருக்கும், அண்ணா.”

சுடு தண்ணீரில் விட்டதுபோல் மெக்கானிக் கைகளை இழுத்துக்கொண்டான்.

“நான் இல்லைம்மா. நின்னது இவன். நான் அவரைப் பாத்தேன். கை அசைஞ்சதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்.”

அவள் ஒன்றும் புரியாமல் அவனையும் நிதானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்ஸ் அவளை உள்ளே அழைத்துப் போனாள். நிதானம் தன் சட்டைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“என்னைத் தேடிக்கிட்டு இந்த மழையில திரும்பி வந்திருக்கே” என்றான் கடைசியில், மெதுவாக. “அவரையும் யாரோ ஒருத்தர் தேடிக்கிட்டு இருப்பாங்கன்னு உனக்குத் தோணலையாடா?”

மெக்கானிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

மழை தணிகிற நேரத்தில், வழியில் விசாரித்துக்கொண்டு கேப்டனும் வந்து சேர்ந்தான். நிதானம் முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. நான்தான் சொன்னேனே, ஒன்றும் ஆகியிருக்காது என்று தொடங்கி, நாளைக் காலையிலாவது அணைக்குக் கிளம்பிவிடலாம் என்று முடித்தான். மெக்கானிக் அவனைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து பார்த்தால் வார்டின் கதவு இடுக்கில் கட்டிலும், கட்டிலருகே குழந்தையோடு குனிந்திருந்த பெண்ணும் தெரிந்தார்கள்.

“பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்கன்னு சொன்னோமே, பின்னாடி வந்தவன் இவன். அவனும் நம்மளை மாதிரியே நெனச்சிருந்தா அந்தக் குழந்தைக்கு இன்னிக்கு அப்பா இல்லை. ரோட்டுல ஒருத்தர் விழுந்து கிடந்தா முதல்ல பாக்கறவன்தான் நிக்கணும். அவர் யாரு, எவருன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஸ்டேஷன், கோர்ட்டு, அறை எல்லாம் அதுக்கும் அப்புறம். இனிமே நான் நிப்பேன். நிக்காம போறவன் பின்னாடி நான் வண்டி ஓட்ட மாட்டேன்.”

கேப்டன் எதையோ சொல்ல வாயெடுத்தான். கதவு இடுக்கைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனான். ஆளுக்கு ரத்தம் ஏதாவது தேவைப்படுமா என்று அவன் நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்பது மெக்கானிக்குக் கேட்டது.